1960-களின் பிரீமியர் டிரம்ஸ் செட்டுக்குப் புது ஹெட் (டிரம்மில் அடிக்கும் தோல்) உட்கார மாட்டேன் என்கிறது. ஷெல்லை, அதாவது மர உடலை, தேய்க்கலாமா?

தேய்க்க விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அந்த டாமை (பாஸ், ஸ்னேர் தவிர செட்டில் இருக்கும் மற்ற டிரம்கள்தான் டாம்கள்) இன்றைக்கே பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: பெரியப்பா மெல்லிசைக் குழுவில் வாசித்த பிரீமியர் செட் பரணில் கிடந்தது. ஆசையாகப் புது 12 அங்குல ஹெட் வாங்கினீர்கள், அது ஷெல்லில் இறங்கவில்லை. "மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று பட்டறைக்காரர் சொல்கிறார். மரம் ஊதவில்லை. அந்த டிரம் செய்யப்பட்ட அளவே அதுதான்.

பிரீமியர் இங்கிலாந்துக் கம்பெனி. 1922-இல் லண்டனில் தொடங்கியது. 1940-இல் குண்டுவீச்சில் தொழிற்சாலை போனதும் லெஸ்டர் பக்கம் இடம் மாறியது. ஏறத்தாழ 1968 வரை அவர்களுடைய 12, 14, 16 அங்குல டாம்கள் அமெரிக்க டாம்களைவிடக் கொஞ்சம் பெரியவை. பிறகுதான் உலகம் முழுக்கப் பொதுவாக இருக்கும் அளவுக்கு மாறினார்கள். அதனால் பழைய அளவை 'பிரீ இன்டர்நேஷனல்' என்பார்கள். இன்று கடையில் வாங்கும் 12 அங்குல ஹெட் பொதுவான அளவுக்குச் செய்தது. பழைய பிரீமியர் டாமில் ஒன்று அது இறங்கவே இறங்காது, இல்லாவிட்டால் அழுத்தி உட்கார வைத்தாலும் இறுகிப் பிடித்துக்கொண்டு சுருதி சேராது.

சந்தேகம் இருந்தால் நீங்களே அளந்து பாருங்கள். இன்றைய 12 அங்குல டாமின் வெளிவிட்டம் முழு 12 இருக்காது, சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்தச் சிறிய இடைவெளி இருப்பதால்தான் ஹெட் தடையில்லாமல் கீழே இறங்கி, ஓரத்தில் சமமாக உட்காருகிறது. உங்கள் ஷெல் 12-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது பழைய அளவு. இரண்டு மூன்று திசையில் வைத்து அளந்து விடுங்கள், வட்டம் கோணியிருக்கிறதா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இவ்வளவு கோபமாக ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டுச் செட்டுக்கு இதே கதி நேர்ந்தது. அப்பா திருச்சியில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். எழுபதுகளில் பொன்மலையில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, அவர்களிடம் தவணையில் வாங்கிய செட் அது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் வாசிக்கப்பட்டது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று எல்லா இடத்துக்கும் அது வேன் கூரையில் ஏறிப் போயிருக்கிறது. ஸ்னேரில் (அடியில் கம்பி வைத்த டிரம்) ஓசை அதிகம் கேட்டால் அப்பா தன் மணிபர்ஸை எடுத்து அதன்மேல் வைத்துவிடுவார். பாஸ் டிரம்முக்குள் எப்போதும் ஒரு பழைய ஜமுக்காளம் இருக்கும்.

நான் துபாயில் வேலை பார்த்த காலத்தில் ஒரு குழு நிகழ்ச்சிக்கென்று செட்டை இரவல் கேட்டது. அப்பாவும் கொடுத்துவிட்டார். தரையில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாமின் ஹெட் அங்கே கிழிந்திருக்கிறது. புது ஹெட் சேரவில்லை என்று, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வெளிப்பக்கம் இழைத்து, மேல்விளிம்பில் ரேப்பை (ஷெல்மேல் ஒட்டியிருக்கும் அலங்கார உறை) வெட்டி எடுத்து, மெதுவான வட்ட ஓரத்தைக் கூர்மையாகச் சீவி அனுப்பிவிட்டார்கள். யார், எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை. இப்போது அந்த ஃப்ளோர் டாமில் கடை ஹெட் ஜோராக உட்காருகிறது. ஆனால் சத்தம் மெலிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் 12 அங்குல டாமோடு சேர்த்து வாசித்தால் இரண்டும் ஒரே செட்டைச் சேர்ந்தவை என்று நம்ப முடியாது. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். இழைத்த மரத்தை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது.

"இசைக்கருவி வாசிப்பதற்குத்தானே, மியூசியத்தில் வைக்கவா?" என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். வாசிப்பதற்காகத்தான் சொல்கிறேன். விலைக்காகவோ அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காகவோ அல்ல. பழைய பிரீமியர் ஷெல் மெல்லிய பிர்ச் அடுக்குகளால் ஆனது, மேலும் கீழும் தடித்த மரவளையம் ஒட்டியிருக்கும். ஓரம் வட்டமாக இருப்பதால் ஹெட் அதன்மேல் அகலமாகப் படியும். அந்த அகலம் உச்ச ஸ்தாயி இரைச்சலைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு, அடிக்குரலை மட்டும் வெளியே விடும். இன்றைய டிரம்களில் ஓரத்தை 45 டிகிரியில் கூராகச் சீவுகிறார்கள். ஹெட் அங்கே மெல்லிய கோட்டில்தான் தொடுகிறது, அதனால் நீண்ட, பளிச்சென்ற நாதம் வரும். அதுவும் நல்ல சத்தம்தான், குறை சொல்லவில்லை. அந்தச் சத்தம் வேண்டுமென்றால் புது டிரம் வாங்கிக்கொள்ளலாமே.

சரி, ஹெட் விஷயம். தொடக்கத்தில் எல்லாரும் கன்றுத் தோல்தான் போட்டார்கள். மழை நாளில் மிருதங்கத்தைச் சுருதி சேர்ப்பவர்களுக்கு அந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. 1956, 57 வாக்கில் அமெரிக்காவில் சிக் எவன்ஸும் ரெமோ பெல்லியும் பாலியஸ்டர் ஹெட்டைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். ரெமோ அதற்கு 'வெதர் கிங்' என்றே பெயர் வைத்தார். எனவே அறுபதுகளின் செட்டுக்குப் பிளாஸ்டிக் ஹெட் போடுவது துரோகம் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்திலேயே போட்டார்கள். அடுக்கும் தடிமனும்தான் முக்கியம்.

உங்கள் கடைக்காரர் இரட்டை அடுக்கு ஹெட் நீடித்து உழைக்கும் என்கிறார். உழைக்கும், உண்மைதான். ரெமோ கம்பெனியின் எம்பரரும் எவன்ஸ் கம்பெனியின் ஜி2-வும் 7 மில் தடிமனில் இரண்டு அடுக்கு. மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் வட்ட ஓரம் ஏற்கெனவே நாதத்தைக் குறைக்கிறது. அதன்மேல் தடித்த இரட்டை அடுக்கைப் போட்டால் டாம் அட்டைப்பெட்டி மாதிரி 'டப்' என்று நின்றுவிடும். 10 மில் ஒற்றை அடுக்கு, அதுவும் வெள்ளைப் பூச்சுள்ள கோட்டட் ரகம் போடுங்கள். ரெமோ அம்பாசடர் அந்த அளவுதான், எவன்ஸ் ஜி1-உம் அப்படியே. மென்மையாக வாசிப்பவரென்றால் 7.5 மில் டிப்ளமேட் இன்னும் அழகாகப் பேசும், ஆனால் பலமாக அடித்தால் சீக்கிரம் குழிந்துவிடும். கன்றுத் தோலின் நிறமும் தொடுகையும் வேண்டுமென்றால் ரெமோவின் ஃபைபர்ஸ்கின் இருக்கிறது. அடிப்பக்க ஹெட்டுக்கு மெல்லிய ஒற்றை அடுக்கு போதும். ஸ்னேரின் அடியில் மட்டும் அதற்கென்றே வரும் மிக மெல்லிய ஹெட்டைத்தான் போட வேண்டும், பெரும்பாலும் 3 மில் வாக்கில் இருக்கும்; தடித்ததைப் போட்டால் கம்பி பேசாது.

இவற்றில் எதை வாங்கினாலும் டாமுக்கு பிரீ இன்டர்நேஷனல் அளவில்தான் வாங்க வேண்டும். ரெமோ அந்த அளவில் செய்கிறது, இங்கிலாந்துக் கடைகளில் கிடைக்கும். நம் ஊர்க் கடையில் கேட்டால் முதலில் விழிப்பார்கள். எனக்கு லண்டனிலிருந்து மச்சினர் வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார். காத்திருக்க வேண்டியிருந்தது, செலவும் கூடத்தான். ஆனால் 12 அங்குல டாமில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியபோது, வெறும் விரலால் தட்டியதுமே குரல் வந்துவிட்டது. என் செட்டில் பாஸுக்கும் ஸ்னேருக்கும் இந்தத் தொல்லை இல்லை, கடை ஹெட்டே சரியாக உட்கார்ந்தது. உங்களுடையதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது ஒரு டிரம்மை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரியுங்கள். பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றின் ஆணிகளையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். குரோமில் துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போகும். உப்புத்தாள் வேண்டாம். இறுகிப்போன ராடுகளை (ஹெட்டை இழுத்து இறுக்கும் திருகுகள்) மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். புது ராடு வாங்கினால் பழைய லக்கில் (ராடு திருகி இறங்கும், ஷெல்லில் பொருத்திய பிடி) கையால் சுற்றிப் பார்த்து, மரை சேர்ந்தால் மட்டும் சாவி போடுங்கள். லக்குக்குள் ஸ்பிரிங் இருந்தால் கிணுகிணுக்கும். கொஞ்சம் பஞ்சு வைத்தால் அடங்கிவிடும். ரேப்பை ஈரத் துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்காதீர்கள். பழைய ரேப் சில செல்லுலாய்டு, சட்டென்று தீப்பிடிக்கும். ஹீட் கன் எடுத்துக்கொண்டு யாரும் பக்கத்தில் வர வேண்டாம்.

ஓரம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, சமமான தடித்த கண்ணாடி மேல் ஷெல்லைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே டார்ச்சை எரியவிட்டு அறை விளக்கை அணைத்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். சின்னக் கசிவு இருந்தால் விட்டுவிடுங்கள், வட்ட ஓரத்தில் ஹெட் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. அப்பா வாசித்த எத்தனையோ நிகழ்ச்சிகளின் நோட்டீஸ்களை வீட்டில் வைத்திருக்கிறோம். பாடகர், பாடகி பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், சவுண்ட் சர்வீஸ் பெயர்கூட இருக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. இன்றும் அப்படித்தான். மேடையில் முழுக் குழுவையும் தாளத்தில் பிடித்து நிறுத்துபவருக்கு ஒரு வரி போட்டால் அச்சுச் செலவு ஏறிவிடுமா? உங்கள் பெரியப்பா பெயரும் எந்த நோட்டீஸிலும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை, வாசிப்பவன் மட்டும்தான். என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் திருத்தினால் சந்தோஷம். ஆனால் "நாங்கள் தேய்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுத வருபவர்கள், தேய்க்காத டாம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

பாஸ் டிரம்மின் முன்பக்க ஹெட் பழையதாக, பெயர் எழுதியதாக இருந்தால் மைக்குக்காக அதில் ஓட்டை போடாதீர்கள். கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, ஓட்டைக்கு வேறு ஒன்று வாங்குங்கள். டாம்களின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து கருத்தில் போடுங்கள், எந்த அளவு கேட்டு வாங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.