பேயை விடுங்கள், வரிசையைப் பாருங்கள்: ஹாலோவீன் கேள்வி பதில்

இந்த மாதம் (அக்டோபர் 2021) வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கொரோனா இன்னும் முடியவில்லை, தீம் பார்க்குகளில் ஹாலோவீன் பேய்க் கொண்டாட்டம் ஆரம்பித்துவிட்டது, பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள், போகலாமா வேண்டாமா. எனவே வருமான வரிக் கேள்விகளும் கிரீன் கார்டு கேள்விகளும் அடுத்த இதழுக்கு.

கேள்வி: எனக்கு 14 வயதில் ஒரு மகன், 8 வயதில் ஒரு மகள். பையன் யுனிவர்சல் ஒர்லாண்டோ ஹாலோவீன் ஹாரர் நைட்ஸுக்குப் போயே தீருவேன் என்கிறான். அவனுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. சின்னவளுக்கு இன்னும் இல்லை. நாலு பேரும் சேர்ந்து போகலாமா?
— ஒரு வாசகி, டாம்பா

சின்னவளை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள் அம்மா. கொரோனா இல்லாத வருஷமாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று பார்க் நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

பையன் விஷயத்துக்கு வருவோம். இந்த வருஷம் அங்கே 10 பேய் வீடுகள், 5 பயமுறுத்தும் தெருக்கள். தெரு திறந்தவெளி, மேலே வானம், பேய் பக்கத்தில் வந்து உறுமினாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பேய் வீடு அப்படி இல்லை. பெரிய கொட்டகைக்குள் கறுப்புத் துணியும் அட்டையும் வைத்துக் கட்டிய குறுகலான இருட்டு வழி, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், பின்னால் வருகிறவர் உங்கள் தோளுக்கு மேல் வாயைத் திறந்து அலறுவார். ஆனால் உள்ளே இருக்கப் போவது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஒரு மணி நேரம், சனிக்கிழமை என்றால் அதற்கும் மேலே, வளைந்து வளைந்து போகும் வரிசையில் நிற்கப் போகிறீர்களே, நான் கவலைப்படுவது அதற்குத்தான். வரிசையில் பாதி கூரைக்குக் கீழே. முன்னும் பின்னும் அதே ஆட்கள். முகக்கவசமோ வெறும் பரிந்துரை, கட்டாயம் கிடையாது, போடாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

அதனால் அப்பாவும் பையனும் மட்டும் போகட்டும், புதன் அல்லது வியாழன் இரவில், கதவு திறக்கும் நேரத்துக்கே. முதல் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று நான்கு வீடுகளை முடித்துவிட்டு மீதி இரவைத் தெருக்களில் கழிக்கலாம். பத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வரிசையிலேயே விடிந்துவிடும். என்95 அல்லது கேஎன்95 போட்டுக்கொள்ளட்டும், துணி முகக்கவசம் அந்த இடத்துக்குப் போதாது. வேஷம் மட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டாம், அங்கே பார்வையாளர்களுக்கு வேஷமும் முகமூடியும் அனுமதி இல்லை.

நீங்களும் மகளும் பகலில் சீவேர்ல்டில் பிள்ளைகளுக்காக நடக்கும் ஸ்பூக்டாக்குலர் விழாவுக்கோ வின்டர் ஹேவனில் இருக்கும் லெகோலாண்டுக்கோ போங்கள். மிட்டாயும் கிடைக்கும், வேஷமும் போடலாம், எல்லாம் வெளியில்தான். 5 முதல் 11 வயதுக்கான பைசர் ஊசியைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 26-ஆம் தேதி கூடுகிறது. அனுமதி வந்தாலும் இந்த ஹாலோவீனுக்குள் அவளுக்கு ஊசி பலன் தராது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்தினால் கொரோனா பரவும் என்கிறார்களே, இதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கிறது?
— வாசகர், டாலஸ்

நம்பித்தான் ஆகவேண்டும். மூச்சு விடும்போதே நுண்ணிய துளிகள் வெளியே வரும், பேசினால் கூடும், குரல் உயர உயர இன்னும் கூடும். காற்று ஓடாத அறையில் அவை அப்படியே மிதந்துகொண்டிருக்கும். பேய் வீட்டின் வேலையே உங்களை மூடிய அறைக்குள் வைத்துக் கத்தவைப்பதுதானே! போன வருஷம் செப்டம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஹாலோவீனுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உள்ளரங்கப் பேய் வீடு, கூட்டம், அலறல், இந்த மூன்றும் சேர்ந்ததை அபாயம் அதிகமான பட்டியலில் வைத்தார்கள். திறந்தவெளியில் ஒரு பக்கமாக நடந்து போகிற பேய்க் காடு என்றால் நடுத்தரம், ஆனால் அங்கும் கத்துவார்கள் என்று தெரிந்தால் ஆறடி போதாது, இன்னும் தள்ளி நில்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒரு அரசாங்கக் காகிதத்தில் அலறலுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஜப்பான்காரர்கள் இதில் ஒரு படி மேலே. 2020 மே மாதக் கடைசியில் அந்த நாட்டுத் தீம் பார்க் சங்கங்கள் சேர்ந்து, ரோலர் கோஸ்டரில் கத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. பியூஜி மலைப் பக்கம் பியூஜி-க்யூ ஹைலேண்ட் என்று ஒரு பார்க். கத்தாமல் எப்படிப் போவது என்று ஜனங்கள் முணுமுணுத்ததும், அதன் அதிகாரிகள் இரண்டு பேர் முகக்கவசம் போட்டுக்கொண்டு தங்கள் பெரிய கோஸ்டரில் ஏறி, இறங்கும் வரை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் ஒரு வரி: தயவுசெய்து மனதுக்குள் கத்துங்கள். டோக்கியோவில் அதே வருஷம் ஜூலையில் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் பேய் வீடு வந்தது. நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பீர்கள், ஜாம்பிகள் வந்து காரைத் தட்டிக் கண்ணாடியில் போலி ரத்தத்தைப் பூசும், முடிந்ததும் துடைத்தும் விடுவார்கள். குடும்பத்தோடு மட்டும் ஒரு பெட்டிக்குள் அடைபட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அலறலாம். இந்த இரண்டு வருஷத்தில் பேய் வியாபாரத்தில் நான் கேள்விப்பட்டதிலேயே உருப்படியான யோசனை இதுதான். காரில் இருந்தே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர் நடத்துகிற நம் ஊர்க்காரர்கள் யோசிக்கலாம்.

கேள்வி: பையன் எலும்புக்கூடு முகமூடி போடப் போகிறான். முகம் முழுக்க மூடியாயிற்றே, அதற்கு மேல் முகக்கவசமும் எதற்கு?
— வாசகர், எடிசன்

எலும்புக்கூட்டுக்கு மூக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது, பார்த்தீர்களா? வேஷ முகமூடி முகக்கவசம் ஆகாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் போடாதீர்கள், மூச்சு முட்டும், சிடிசியே வேண்டாம் என்கிறது. எலும்புப் பல் அச்சடித்த முகக்கவசம் கடைகளில் கிடைக்கிறது, கறுப்பு மை இருந்தால் வீட்டிலேயும் வரையலாம்.

உங்கள் பக்கத்து சிக்ஸ் ஃபிளாக்ஸ் தீம் பார்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போன வருஷம் உள்ளரங்கப் பேய் வழிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஹாலோஃபெஸ்ட் என்று பெயரையும் மாற்றி வெளியிலேயே நடத்தினார்கள். இந்த வருஷம் பழைய ஃபிரைட் ஃபெஸ்ட் பேய் விழாவே திரும்பிவிட்டது. பகலில் போய்விட்டு இருட்டியதும் கிளம்பிவிடுங்கள், பையன் சின்னவன் என்றால்.

கேள்வி: டிஸ்னியில் மூன்று மணி நேர ஹாலோவீன் பார்ட்டிக்கு ஆளுக்கு 199 டாலராம். கொரோனாவைச் சொல்லிக் கொள்ளையடிக்கிறார்களா?
— வாசகர், அட்லாண்டா

199 என்பது ஹாலோவீன் அன்றைய இரவுக்கு. பூ பேஷ் என்று இந்த வருஷம் பெயர், ஒர்லாண்டோ டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் நடக்கிறது, ஆகஸ்ட் 10-இல் தொடங்கியபோது 129-இலிருந்து இருந்தது, அதற்கு மேல் வரி. 2019-இல் இதே மேஜிக் கிங்டமில் நடந்த பழைய பார்ட்டி 79-இல் ஆரம்பித்து உச்சத்தில் 135. அப்போது வாணவேடிக்கை, முழு ஊர்வலம், மேடை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. இப்போது வாணவேடிக்கை இல்லை, ஊர்வலத்துக்குப் பதில் இரண்டு மூன்று வண்டிகள் அவ்வப்போது வந்து கையாட்டிவிட்டுப் போகும். அதே சமயம் டிக்கெட் குறைவாக விற்கிறார்கள், ஐஸ்கிரீமும் பாப்கார்னும் இலவசம், ரைடுகளில் வரிசை சின்னது. நான்கு பேர் குடும்பத்துக்கு 800 டாலரை எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்த்தால், கூட்டமில்லாமைக்குத்தான். கொள்ளையா என்றால், ஆமாம், கொஞ்சம். மேஜிக் கிங்டமைக் காலியாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொடுக்கிறார்கள், பல இரவுகள் விற்றும் தீர்ந்துவிட்டன.

எனக்குக் கேட்டால் அந்தப் பணத்துக்குப் பகல் டிக்கெட் எடுத்துப் பூசணிக்காய் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஜூலை 30 முதல் உள்ளரங்குகளில் 2 வயது முதல் எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயமாகத் திரும்பிவிட்டது, ஊசி போட்டவர்களுக்கும்தான், ரைடுகளும் பஸ்களும் அதில் அடக்கம். அந்த வகையில் ஒர்லாண்டோவில் எனக்கு நிம்மதியான இடம் அதுதான்.

கேள்வி: போன வருஷம் 2020-இல் போனவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள் என்று என் தங்கை சொல்கிறாள். ஹாலோவீனையே ரத்து செய்துவிட்டார்கள், இதில் என்ன அதிர்ஷ்டம்?
— வாசகி, ஜாக்சன்வில்

உங்கள் தங்கை சொல்வது ஓரளவு சரி. 2020 ஜூலை 24-ஆம் தேதி யுனிவர்சல் ஹாரர் நைட்ஸை ரத்து செய்வதாக அறிவித்தது, அது 30-வது வருஷ விழா வேறு. டிஸ்னியும் பார்ட்டியைக் கைவிட்டது. ஆனால் கட்டிய பேய் வீடுகள் சும்மாதானே நின்றன? யுனிவர்சல் அதில் இரண்டைச் சத்தமில்லாமல் பகல் டிக்கெட்டுக்கே திறந்துவிட்டது, ஹாலோவீனை ஒட்டி மூன்றாவதும் திறந்தது. தனிக் கட்டணம் கிடையாது. குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு அனுப்பினார்கள், பேய்கள் முகக்கவசத்தோடு பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால். தடுப்பு இருந்தால் பயம் வருமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, போய்வந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். முன்னால் போகிறவரின் அலறலைக் கேட்டு எந்த மூலையில் பேய் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வழக்கமாக நடக்கும். போன வருஷம் முன்னால் யாரும் இல்லை, அதனால் எல்லாப் பேயும் புதுப் பேய்.

டிஸ்னியிலோ செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 31 வரை பெரியவர்களும் பகலிலேயே வேஷம் போட்டு வரலாம் என்று விட்டார்கள், சாதாரண நாட்களில் 14 வயதாகிவிட்டால் அங்கே அது நடக்காது. வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், 100.4 டிகிரி இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நடந்துகொண்டே எதையும் தின்னக் கூடாது, ஒரு இடத்தில் நின்று, முகக்கவசத்தை இறக்கி, தின்று, ஏற்றிக்கொண்டு நடக்கவேண்டும். கையில் பாப்கார்னை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கவசத்தை இறக்கியே திரிந்த புண்ணியவான்களால் வந்த சட்டம் அது.

ஆனால் ஊசி இல்லாத காலம் அது என்பதை உங்கள் தங்கைக்கு ஞாபகப்படுத்துங்கள். கூட்டம் இல்லாததற்குக் காரணம் இருந்தது.

கேள்வி: தமிழ்நாட்டுப் பேய் வீடு ஒன்று கட்டினால் கொரோனா காலத்தில் எடுபடுமா?
— வாசகர், சான் அன்டோனியோ

தாராளமாக. நம் பேய்கள் குடியிருப்பது புளியமரத்தில், சுடுகாட்டில், ஊர் எல்லைப் பாழுங்கிணற்றில். எல்லாமே திறந்தவெளி, காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை. சிடிசி பட்டியலில் நடுத்தர அபாயம்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் வருகிறோம். யுனிவர்சல் ஹாலிவுட்டில் ஊசிச் சான்றிதழ் கேட்பார்களாமே, டிஸ்னிலாண்டில் கேட்கமாட்டார்களாம். ஒரே மாநிலம்தானே?
— வாசகர், ஃபீனிக்ஸ்

மாநிலம் ஒன்று, கவுண்டி, அதாவது மாவட்டம், வேறு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 10,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி இடங்களுக்கு அக்டோபர் 7 முதல் விதி வந்துவிட்டது: 12 வயது ஆனவர்கள் எல்லோரும் இரண்டு ஊசியும் போட்ட சான்று, இல்லையென்றால் 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் ரிசல்ட் காட்டவேண்டும். பெரியவர்கள் போட்டோ ஐடியும் கொண்டுபோங்கள். வெளியிலும் முகக்கவசம் உண்டு. டிஸ்னிலாண்ட் இருக்கும் அனஹைம் ஆரஞ்சு கவுண்டியில் வருகிறது, அங்கே உள்ளரங்கில் முகக்கவசம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் சான்றிதழ் கேட்கிற இடத்துக்கே போவேன், என் முன்னால் நின்று கத்துகிறவருக்கு ஊசியோ டெஸ்டோ ஆகியிருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் கத்துவதற்குத் தெம்பு வரும்.

கேள்வி: ஒரு வருஷம் முழுக்க ரத்து ஆனதே, பேய் வேஷம் போடுகிறவர்கள் என்ன செய்தார்கள்?
— கல்லூரி மாணவி, கெய்ன்ஸ்வில்

நல்ல கேள்வி அம்மா, யாரும் கேட்காத கேள்வி. அவர்களில் பெரும்பாலோர் பருவகால ஊழியர்கள், பகலில் வேறு வேலை, படிப்பு, நாடகம் என்று இருந்துகொண்டு இந்த இரண்டு மாதத்துக்காகவே காத்திருப்பவர்கள். கலிபோர்னியாவில் 1973 முதல் நடந்துவரும் நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம் என்ற பேய் விழாவும் போன வருஷம் நடக்கவில்லை, பார்க்கை மூடியே வைத்திருந்ததால் ஹாலோவீன் சாப்பாட்டு விழா மட்டும் நடத்தினார்கள். சாப்பாட்டு விழாவுக்குச் சமையல்காரர் வேண்டும், நூற்றுக்கணக்கில் பேய்கள் எதற்கு? வருஷம் முழுக்க வேலை பார்த்தவர்களின் நிலைமையும் அப்படித்தான், 2020 செப்டம்பர் 29-இல் டிஸ்னி ஒரே அறிவிப்பில் 28,000 பேரை அனுப்பியது, அதில் மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரக்காரர்கள். இந்த வருஷம் நீங்கள் போனால், முகத்துக்கு நேரே வந்து கத்துகிற அந்தப் பிள்ளை ஓர் இரவில் எத்தனை ஆயிரம் பேரின் மூச்சுக்கு நடுவே நிற்கிறது என்று யோசித்துவிட்டு, நீங்களாவது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கும் அம்மா அப்பாவை ஹாலோவீனுக்குள் வரவழைத்துப் பேரன் பேத்திகளோடு டிஸ்னிக்குக் கூட்டிப்போக ஆசை. இருவருக்கும் விசா இருக்கிறது. முடியுமா?
— வாசகி, ஒர்லாண்டோ

ஹாலோவீனுக்குள் முடியாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மே 4 முதல் இருக்கும் தடை நவம்பர் 8-இல்தான் விலகுகிறது, போன வாரம்தான் தேதியைச் சொன்னார்கள். அன்று முதல் முழுத் தடுப்பூசிச் சான்றும் விமானம் ஏறுவதற்கு முந்தைய டெஸ்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஊசிகளும் செல்லும் என்பதால் கோவிஷீல்டு போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. கோவாக்சின் என்றால் அந்த நிறுவனம் இன்னும் அதற்கு ஒப்புதல் தரவில்லை, வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். எப்படியும் நவம்பரில் டிஸ்னி கிறிஸ்துமஸுக்கு மாறியிருக்கும், அம்மாவுக்கு எலும்புக்கூட்டைவிட அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.