அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: நான் திருகோணமலையில் தற்காலிக விரிவுரையாளர். உப்பேறிய மண்ணில் பயிர் செய்வது பற்றிய என் ஆய்வைப் பார்த்துவிட்டு, இஸ்ரேல் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியை சேர்ந்து கட்டுரை எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை. கூட வேலை செய்யும் கிண்ணியாத் தோழி, இஸ்ரேலியப் பல்கலைக்கழகங்களைப் புறக்கணிக்கும் அறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார். ரொறன்ரோ அத்தானோ, "2009 இல் எங்களுக்காக எவன் புறக்கணித்தான்? சீனாவை எவன் தொடுகிறான்? இது இரட்டை நியாயம், போடாதே" என்கிறார். (என் தம்பியும் இஸ்ரேலில்தான் தோட்ட வேலையில் இருக்கிறான். அவன் காசில்தான் வீட்டுக் கடன் கட்டுகிறோம். கம்பஸில் கட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.) எது நியாயம்?
நிலாவெளி வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் பேராசிரியைக்கு இடம் இருக்கிறது, தோழிக்கு இடம் இருக்கிறது, அத்தானின் வாய்க்கும் இடம் இருக்கிறது. கடன் கட்டுகிற பிள்ளை மட்டும் அடைப்புக்குறிக்குள்.

கட்டார் என்று ஏன் சொன்னீர்கள்? கிண்ணியாத் தோழி என்ன நினைப்பாரோ என்றுதானே. 2023 அக்டோபர் 7 ஆம் திகதி ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்களில் இலங்கையரும் இருந்தார்கள். அடுத்த மாதமே விவசாய வேலைக்குப் பத்தாயிரம் பேரை அனுப்ப நம் அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஊருக்குத்தான் உங்கள் தம்பி போயிருக்கிறான். அங்கே சைரன் சத்தம் கேட்டால் எங்கே ஓடுவான் என்று ஒருநாள் கேட்டிருப்பீர்களா? காசு வந்து சேர்ந்ததா என்று கேட்டிருப்பீர்கள். உழைக்கிறவனின் இடத்தை மறைத்துவிட்டு அவன் உழைப்பை எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா என்றால் முதலில் அவனுக்கு அக்கா, அப்புறம்தான் விரிவுரையாளர்.

சரி, அத்தானுக்கு வருவோம். அவர் கேள்வியில் வலி இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி நம் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுப் போட்டார்கள். அதற்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் கதவைச் சாத்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சாத்தியிருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும்? கோணேசபுரி கம்பஸ் பிள்ளை, வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளை, யாழ்ப்பாண கம்பஸ் பிள்ளை. கொழும்பில் ஆள்பலம் உள்ளவர் எப்படியும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ரொறன்ரோவிலிருந்து பார்க்கும்போது இது தெரியாது.

எல்லாரையும் கேட்க முடியாவிட்டால் ஒருவரையும் கேட்காதே என்பது நியாயமே இல்லை. தென்னாப்பிரிக்காவைப் புறக்கணித்த காலத்திலும் இதையேதான் சொன்னார்கள். 1965 இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கல்வியாளர்கள், நிறவெறி நடக்கும் அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேலைக்குப் போகமாட்டோம் என்று அறிவித்தார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அடிபட்டவர்கள் அதைக் கேட்டார்களா? தென்னாப்பிரிக்காவில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் கேட்டது. 2004 இல் பாலஸ்தீனக் கல்வியாளர்கள் தாங்களே கேட்டார்கள். இரட்டை நியாயம் வேண்டுமென்றால் அத்தான் இங்கே தேடட்டும்: 2022 இல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே ஐரோப்பாவில் பல நிறுவனங்கள் உறவை நிறுத்தின. 2024 நவம்பர் முடிவில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பாலஸ்தீனர் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தோழியிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நிறுவனத்தைத்தான் புறக்கணிக்கிறோம், ஆளை அல்ல என்று அவர் சொல்வார். சொல்லும்போது சுலபம். 2002 இல் மன்செஸ்டரில் ஒரு பேராசிரியை தன் ஆய்விதழ்களின் குழுக்களிலிருந்து இரண்டு இஸ்ரேலியரை நீக்கினார். அதில் ஒருவர் சர்வதேச மன்னிப்புச் சபையின் இஸ்ரேல் கிளைக்குத் தலைவராக இருந்தவர். உங்களுக்கு எழுதிய அம்மா எப்படிப்பட்டவரோ, நீங்கள் கேட்கவே இல்லை. பதில் போடாமல் இருப்பது புறக்கணிப்பு ஆகாது, தங்கச்சி. அது மரியாதைக் குறைவு. சேர முடியாது என்றால் காரணத்தை நேரே எழுதுங்கள். அவர் தன் அரசைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய வேண்டுமானால் அதையும் கேளுங்கள்.

அந்தக் கையெழுத்தைப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. தம்பிக்குத் தெரியாமல் போடுவதில்தான் மறுப்பு. அங்கே தோட்டத்தில் நிற்பவனுக்கு அந்த நாட்டைப் பற்றி உங்களைவிட, அத்தானைவிட, என்னைவிடக் கூடுதலாகத் தெரியும். யாருடன் வேலை செய்கிறான், சம்பளம் ஒழுங்காக வருகிறதா, போரைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள், திரும்பி வர நினைக்கிறானா என்றெல்லாம் கேளுங்கள். வா என்று சொல்லும் நிலையில் வீடு இல்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கையெழுத்துக்காக அவன் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூலிக்காரனின் வயிற்றையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஒரே தராசில் வைக்கிற ஆள் நான் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமைக்குள் அவனோடு பேசிவிடுங்கள். திங்கட்கிழமை தோழியிடம், "தம்பி கட்டாரில் இல்லை, இஸ்ரேலில்" என்று சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அதற்குப் பிறகும் கையெழுத்தைப் பற்றிக் குழப்பம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் தம்பிக்கு அடைப்புக்குறி போடவேண்டாம்.