வீட்டில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் பணம் கட்டி நேவிகேஷன் டேட்டா வாங்க வேண்டுமா?

ரேடியோவின் மறுமுனையில் உங்களோடு பேச யாராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. தனியாகப் பறப்பவருக்குத் தேவையில்லை.

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் சிமுலேட்டர் வாங்கிய புதிதில் சொந்த ஊரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் ஏறி, மேட்டூர் அணையை ஒரு சுற்றுச் சுற்றி, சேர்வராயன் மலையில் முட்டாமல் திரும்பி இறங்குவதற்கு எந்தச் சந்தாவும் வேண்டாம். அணையும் மலையும் மாதாமாதம் இடம் மாறுவதில்லை.

மாறுவது நேவிகேஷன் டேட்டாவில் இருப்பவை, அதாவது விமானத்தின் கணினி வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்துபவை. வான்வழிகள், வழியிலுள்ள ஐந்தெழுத்துப் பெயர்ப் புள்ளிகள், விமான நிலையத்தை நெருங்கும் இறங்குவழிகள் எல்லாம் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் உலகம் முழுக்கப் புதுப்பிக்கப்படுகின்றன. ஏர்ஏசி சுழற்சி என்பது இதுதான்.

சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் இணையத்தில் சேர்ந்து பறக்கும் வாட்சிம் வலைப்பின்னலில் தன்னார்வலர்கள் விமானக் கட்டுப்பாட்டாளர்களாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் சென்னையிலிருந்து பெங்களூருக்கு 737-இல் போய்க்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது எக்ஸ்-பிளேன் 11 சிமுலேட்டருடன் வந்த பழைய தரவு. கட்டுப்பாட்டாளர் ஓர் இறங்குவழியின் பெயரைச் சொன்னார். என் பட்டியலில் அதே பெயர்தான், ஆனால் கடைசி எண் வேறு. அவர் சொன்னபடியே தட்டினேன். 'நாட் இன் டேட்டாபேஸ்' என்றது விமானத்தின் கணினிப் பெட்டி. ஓடுபாதையிலும் அதே கதை. 2019 டிசம்பரில் பெங்களூரில் இரண்டாவது ஓடுபாதை திறந்ததிலிருந்து, 09 என்ற பழைய ஓடுபாதையின் பெயர் '09 லெஃப்ட்'. என் பெட்டிக்கு வெறும் 09 மட்டுமே தெரியும். பின்னால் மூன்று விமானங்கள் வரிசையில். நான் பதறவில்லை; ரேடார் வெக்டர் கேட்டேன், அதாவது ரேடாரில் பார்த்து வழிசொல்லச் சொன்னேன். அவர் திசையும் உயரமும் சொல்லச் சொல்ல, கையாலேயே ஓட்டி இறக்கினேன். இன்றும் எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வாரமே, புதுத் தரவு விற்கும் நேவிகிராஃப் நிறுவனத்துக்குச் சந்தா கட்டினேன். "விளையாட்டுக்கு மாதச் சந்தாவா?" என்று இங்கே சிலர் கிளம்பி வருவார்கள். வரட்டும். நான் விமானி அல்ல, காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன். காசின் அருமை தெரியும். "இந்திய விமான நிலைய ஆணையம் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறதே" என்பார்கள். உண்மைதான், நானும் படிக்கிறேன். ஆனால் விமானத்தின் கணினி பிடிஎஃப் படிக்காது.

சந்தா சரி, நொடியில் இறங்கிவிடுகிறது. ஜாய்ஸ்டிக் வாங்கிப் பாருங்கள்! ஏற்காட்டு முகவரி என்றதும் கூரியர்காரர், "கீழே சேலம் ஐந்து ரோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் சார்" என்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ஏறுகிறது, பால் வண்டி ஏறுகிறது, கேஸ் சிலிண்டர் ஏறுகிறது. அரைக் கிலோ பார்சல் மட்டும் ஏறாதாம். டெலிவரிக் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டுதான் இந்தப் பேச்சு.

போகட்டும். வருடச் சந்தாவுக்கு இப்போதே ஓடாதீர்கள். வலைப்பின்னலில் பறக்கத் துணிந்ததும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். சந்தா முடிந்தாலும் இறக்கிய தரவு சிமுலேட்டரிலேயே இருக்கும், சந்தாவோடு வரும் வரைபடங்கள்தான் நின்றுபோகும். கட்டுப்பாட்டாளர் சொல்லும் பெயர்கள் உங்கள் பட்டியலில் அடிக்கடி இல்லாமல் போனால், அடுத்த மாதத்துக்குக் கட்டலாம். இன்னொன்று: புதுத் தரவு வாங்கினால் திரையில் புது ஓடுபாதையும் முளைத்துவிடாது. அதைக் காட்டுவது நிலக்காட்சிக் கோப்பு, அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.