அம்மா கழற்றிய தாலி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு பெந்தேகோஸ்தே சபையில் வளர்ந்தவள். அம்மா பிறந்தது சி.எஸ்.ஐ. குடும்பத்தில். 1986இல் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது, நகை கூடாது என்ற சபை ஒழுங்குப்படி தாலி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். கம்மல் விற்ற பணம் சபைக்குக் கூரை போடப் போனது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே தெரியாதவர்கள் அம்மாவை விதவை என்று நினைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை புறப்படும் நேரம் அம்மாவைக் கொஞ்சம் உள்ளே போய் இருக்கச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது பழைய பாஸ்டரின் மகன்தான் பாஸ்டர். ஆராதனையில் பாடும் பெண்கள் கம்மலும் செயினும் போட்டிருக்கிறார்கள். யாரும் எதையும் அறிவிக்கவில்லை, மெல்ல மெல்ல வந்துவிட்டது. அம்மா போய்க் கேட்டதற்கு, "அது அந்தக் காலத்து வழக்கம்மா, கர்த்தர் இருதயத்தைத்தான் பார்க்கிறார்" என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து, "அப்போ நான் கழற்றினது எதுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

என் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். அவளுக்கு நகை போட ஆசை. இது வளர்ச்சியா, விசுவாசத்தை விட்டு விலகும் பின்மாற்றமா? அம்மாவுக்கு நான் என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

வளர்ச்சியா பின்மாற்றமா என்பதை அப்புறம் பார்ப்போம். அம்மாவின் கேள்விதான் பெரியது.

அம்மா கழற்றியது வீண் இல்லை. குமரி மாவட்டத்தில் தங்கம் வெறும் அலங்காரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எத்தனை பவுன் என்று கேட்டுத்தான் பெண்ணுக்கு மதிப்பே போடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்த பெண்களில் யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் எந்தச் சாதி என்று கழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது சின்ன விஷயமா? பழைய திருவிதாங்கூரில் இன்ன சாதிப் பெண் இன்ன நகைதான் போடலாம் என்று கட்டுப்பாடே இருந்தது. 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில், புலையர்களின் தலைவர் அய்யங்காளி சொன்னதைக் கேட்டுப் புலையப் பெண்கள் தங்கள் அடிமை அடையாளமான கல்மாலைகளை அறுத்துப் போட்டார்கள். அது வேறு போராட்டம், பெந்தேகோஸ்தேக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவது ஒரு பெண்ணை நிமிர வைக்கவும் செய்யும் என்பது அந்த மண்ணுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் இந்தச் சுமையை யார் சுமந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஆண்களும் விட்டார்கள்: பீடி, சாராயம், சினிமா. அதனால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவர் பீடியை விட்டவர் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவின் வெறுங்கழுத்து எல்லார் கண்ணிலும் பட்டது. சபையின் சாட்சியை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். உள்ளே போய் இருக்கச் சொன்னதும் அவரைத்தான், அப்பாவை இல்லை.

வசனத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 1 தீமோத்தேயு 2:9 பொன்னை மட்டும் சொல்லவில்லை. மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் என்று நான்கைச் சொல்கிறது. நம் சபைகளில் நகை போடாத சகோதரிகள் எல்லாரும் சடை பின்னித்தான் வருகிறார்கள். கல்யாணத்துக்குப் பட்டும் உடுத்துகிறார்கள். நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து அதைப் பரிசுத்தத்தின் அளவுகோல் ஆக்கியது சபை, பவுல் இல்லை. அதிலும் நகை போடாத மாப்பிள்ளை வீடுகள் பல, அந்தப் பவுனுக்கு ஈடாக ரொக்கமும் காரும் வாங்கிக்கொண்டன. பெண்ணைப் பெற்றவனுக்குச் செலவு ஒரு ரூபாய் குறையவில்லை. ஒழுங்கு அப்போதே உள்ளுக்குள் செத்துவிட்டது என்பேன். இன்று கம்மல் போடும் பிள்ளைகள்மேல் பழியைப் போடுவது நியாயம் இல்லை.

எல்லாப் பழைய ஒழுங்கும் ஒன்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்ற போதனை பல சபைகளில் தளர்ந்ததில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போனவர்களின் வீடுகளைக் கேட்டால் தெரியும். மாறாத சபையும் இருக்கிறது. கேரளத்திலிருந்து இலங்கைக்குப் போன ராமன்குட்டி, பாஸ்டர் பால் ஆகி 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தேகோஸ்தே மிஷன், இன்றைய டி.பி.எம். (தி பெந்தேகோஸ்தே மிஷன்), வெள்ளை உடுப்பையும் நகை துறப்பையும் மருந்தில்லாமல் ஜெபத்தால் குணமாகும் தெய்வீக சுகத்தையும் இன்னும் விடவில்லை. தாம்பரம் பக்கம் இரும்புலியூர் கன்வென்ஷனுக்குப் போனால் பந்தல் முழுக்க வெள்ளைதான். எனக்கு அவர்களோடு நிறைய முரண்பாடு உண்டு. ஆனால் அங்கே வயதான ஒரு அம்மா, நான் கழற்றினது எதுக்கு என்று கேட்க வேண்டிய நிலை இல்லை.

உங்கள் சபையில் எனக்குக் குறையாகப் படுவது மாறியது இல்லை, வாய் திறக்காமல் மாறியது. அமெரிக்காவிலும் இதே சிக்கல் வந்தது. டென்னசி மாநிலத்தில் கிளீவ்லண்டில் தலைமையகம் உள்ள சர்ச் ஆஃப் காட், நகையைக் கண்டிப்பாகத் தடுத்த சபை. 1958இல் பொதுப் பேரவையைக் கூட்டிக் கல்யாண மோதிரத்தை மட்டும் அனுமதித்தார்கள். 1988இல் நடைமுறை ஒழுங்குகளையே திருத்தி எழுதினார்கள். டி.வி.யை எதிர்த்து வந்த யுனைடெட் பெந்தேகோஸ்தல் சர்ச்சில் 2007இல் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யலாமா என்று பெரிய விவாதம். செய்யலாம் என்ற தீர்மானம் ஜெயித்தது. ஏற்காத போதகர்கள் வெளியேறி அடுத்த ஆண்டே தனி ஐக்கியம் தொடங்கினார்கள். சண்டைதான், பிளவுதான். இருந்தாலும் எது மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று எல்லார் முன்னாலும் பேசினார்கள்.

நம் ஊரில் பெரும்பாலானவை தனிச் சபைகள். அப்பா பாஸ்டர் சொன்னது அன்று சட்டம், மகன் பாஸ்டர் சொல்லாமல் விடுவது இன்று சட்டம். பேரவையும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. வீட்டில் டி.வி. வைத்தால் அப்பம் பிட்குதலில், அதாவது திருவிருந்தில், சேர்க்க மாட்டேன் என்றவர்களின் செய்தி டி.வி.யில் வந்தபோதும், நேற்றுவரை சொன்னது என்ன ஆயிற்று என்று மேடையில் யாரும் விளக்கவில்லை. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள், கண்டிப்புக் காட்டினால் வேறு சபைக்குப் போய்விடுவார்கள். பாஸ்டரின் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக அம்மாவிடம் "அந்தக் காலத்து வழக்கம்" என்றது அநியாயம். 1986இல் அதை வழக்கம் என்றா சொன்னார்கள்? கர்த்தருடைய கட்டளை என்று சொல்லித்தானே கழற்றச் சொன்னார்கள்?

ஆகவே நீங்கள் அம்மாவுக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். அது உங்கள் வேலை இல்லை. பாஸ்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சபையில் அம்மாவைப் போலக் கழற்றியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களை முன்னால் உட்கார வைத்து, நகை ஒழுங்கு மாறிவிட்டது, நாங்கள் மாற்றினோம், உங்களிடம் கேட்டது பெரிய விலை என்று ஒரு ஞாயிறு ஆராதனையில் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். மறுத்தால், அந்தக் கூரை யார் கம்மலில் போட்டது என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக்குறைவு என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.

மகள் விஷயம் சுலபம். அவள் ஆசைப்பட்டதைப் போடட்டும். அதைப் பின்மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை பவுன் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அங்கே மட்டும் நில்லுங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்