ஏரியில் யாருக்கு எந்த இடம்?

கேள்வி: பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்களாமே! திறமை உள்ளவர் அதிகம் பிடித்துவிட்டுப் போகட்டும், சீட்டு எதற்கு?
- வாசகர் ஒருவர், செங்கல்பட்டு

பதில்: அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். அது எதற்கு என்று புரிய, முதலில் இறாலின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் கடல் ஏற்றத்தில் வரும் நீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பு நீரும் நன்னீரும் கலந்த இடத்தில் மேய்ந்து வளர்ந்து, மறுபடி கடலுக்கே திரும்பும். திரும்புகிற அந்த வழியில்தான் கழி ஊன்றி வலை கட்டுகிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டி நல்ல ஓட்டம் உள்ள இடம் கிடைத்தவருக்கு வலை நிறையும். தள்ளி நிற்பவருக்குக் கஞ்சிக்கே திண்டாட்டம். இதில் திறமைக்கு எவ்வளவு வேலை, சொல்லுங்கள்? அதனால்தான் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத் தலைவர் கணக்கில், சீட்டு எடுத்து, இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று மாற்றிக்கொள்கிறார்கள். முறை வராதவர் அங்கே வலை இறக்க மாட்டார். எல்லோரும் ஒரே இடத்தில் போய் விழாததால் இறாலுக்கும் கொஞ்சம் வழி கிடைக்கிறது.

சரி, குறையே இல்லையா? உண்டு. தலைக்கட்டு என்றால் ஆண்தான். பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவர் சமூகத்தின் ஊர்களுக்குள்ளேயே இருந்துவந்தது. அதற்கு வெளியே உள்ளவர்களும் இதே ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். தகராறுகள் அங்கேதான் முளைக்கின்றன.

அப்புறம், எவ்வளவு நியாயமாகச் சீட்டுப் போட்டாலும் ஏரி நன்றாக இருந்தால்தான் பலன். பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அது பெரிய காப்பு. ஆனால் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் குஞ்சு எப்படி உள்ளே வரும்?

ஒருமுறை அங்கே கரையில் நின்று இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தேன். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் துழாவி எடுக்கிறார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் இறால் போடும் ஓலைப் பறியைப் (கூடையைப்) பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். எங்கே ஆழம் குறைந்திருக்கிறது, எங்கே இறால் அற்றுப்போயிற்று என்று அவர்கள் கைக்குத் தெரியும். முகத்துவாரத்தைத் தூர்வாருவது பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள், பாடு உள்ள ஊர்ப் பெரியவர்களோடு இந்தப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.