ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் டார்க் கலர் அடிக்கலாமா? எந்தச் சுவர், எந்த நிறம்?

தாராளமாக அடிக்கலாம். ஆனால் நிறத்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள். பெயிண்டை நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடலாம், டைல்ஸை அப்படி மாற்ற முடியாது. ஐவரி டைல்ஸில் லேசாக மஞ்சள் ஓடும். பக்கத்தில் நீலச் சாயல் வெள்ளை அடித்தால் துடைத்த தரையும் அழுக்காகத் தெரியும். அங்கே க்ரீம் கலந்த வெள்ளைதான் சேரும். ரெட் ஆக்சைடு தரை உள்ள பழைய வீடு என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்; வெள்ளை, வெளிர் பச்சை இரண்டுமே அழகாக ஒட்டிக்கொள்ளும்.

இனி சுவர். ஜன்னல் இருக்கும் சுவரை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் அந்தச் சுவர் ஏற்கெனவே இருட்டாகத்தான் தெரியும். அதில் போய் கரும்பச்சை அடித்தால் பகலில் கருப்பாகவே நிற்கும். கதவு, ஷெல்ஃப், லாஃப்ட் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் சுவரும் வேண்டாம். வாசலில் நுழைந்ததும் முழுசாகக் கண்ணில் படுகிற, ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற சுவர்தான் சரியான இடம். டிவி சுவர் அப்படி அமைந்தால் இன்னும் நல்லது, கருப்புத் திரை தனியாகத் துருத்தாது.

நிறத்தை ஷேட் கார்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். தீப்பெட்டி அளவில் மென்மையாகத் தெரிவது முழுச் சுவரில் ஏறும்போது பளீரென்று அடிக்கும். பிடித்த ஷேடையும் அதற்கு ஒரு படி வெளிரானதையும் சின்ன டப்பாவில் வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) காய்ந்தபின் கொஞ்சம் அழுத்தமாகும், அதனால் மறுநாள் பார்ப்பதுதான் கணக்கு. இரவில் விளக்கைப் போட்டும் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பதே அந்த நேரத்தில்தானே! 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் ஜம்மென்று இருக்கும் சாம்பல் நிறம், 3000 கெல்வின் வார்ம் விளக்கில் பழுப்புத் தட்டும்.

என் விருப்பம் செங்காவி அல்லது மயில் நீலம். சோஃபாவிலோ திரைச்சீலையிலோ ஏற்கெனவே இருக்கும் நிறத்தை எடுத்தால் இன்னும் பொருத்தம். பளிச் சிவப்பும் மஞ்சளும் அடியில் உள்ள நிறத்தைச் சீக்கிரம் மறைக்காது, மூன்றாவது கோட் கேட்கும். கூலி பேசும்போதே பெயிண்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். டார்க் சுவருக்கு மேட் ஃபினிஷ் கேளுங்கள். மினுமினுப்பு இருந்தால் பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். சமையலறைக்கு மட்டும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிற மாதிரி லேசான பளபளப்புள்ள சாட்டின் ஃபினிஷ் போதும்.

தேவையான பெயிண்டை மொத்தமாக ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். அடுத்த முறை கலக்கும்போது ஒரே ஷேட் நம்பரிலும் லேசான வித்தியாசம் வரலாம். மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு டச்-அப் செய்ய அந்த நம்பர் வேண்டும்.