நுவரெலியாவில் சரிவான காணியைத் தரிப்பிடமாக்க எந்த சென்சார் நல்லது?

சின்னக் காணி, சரிவு வேறு என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் வண்டி நிறுத்தும் கோடுகளைச் சரியாகப் போடுங்கள், இடம் காலியா என்று அறியும் சென்சார் அப்புறம்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். இரு பக்கமும் நேராக நிறுத்தினால் நடுவே 6 மீட்டர் பாதை, ஆக மொத்தம் 16 மீட்டர். அவ்வளவு அகலம் இல்லையா? 45 பாகையில் சாய்த்து, பாதையை ஒருவழியாக்குங்கள். 4 மீட்டர் போதும். ஆனால் ஒவ்வொரு காரும் பாதையோரத்தில் 3.5 மீட்டர் பிடிக்கும். முடிந்தவரை வண்டி சரிவுக்குக் குறுக்கே நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் தளர்ந்தாலும் லேசில் உருளாது.

சென்சாருக்கு வருவோம். பனிமூட்டம் இறங்கினால் கமராவுக்குக் கண் தெரியாது. தரையில் புதைக்கும் காந்த சென்சார், மேலே நிற்கும் வண்டியின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தை மாற்றுவதை உணர்கிறது. மூட்டம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உண்மையில் 20 வண்டி நிற்கும் இடத்துக்கு, வாசலில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணும் கருவி ஒன்றே போதும் என்பேன். மீதி இடத்தைத் தெருவிலேயே பெரிய பலகையில் காட்டுங்கள். ஏப்ரல் சீசனில் வேன் சாரதி 'இடம் 3' என்று கீழிருந்தே பார்த்துவிட்டால், கிளட்ச் கருகும் மணத்தோடு ஏற்றத்தில் காத்து நிற்க மாட்டார்.